கதைக்கேற்ற வாய்: சாசரின் கதைசொல்லிகள்

லண்டன் பாலத்துக்குத் தெற்கே, சதர்க் பகுதியில் டாபர்ட் என்ற விடுதி. அங்கிருந்து கேன்டர்பரி பேராலயத்துக்கு யாத்திரை கிளம்பும் முப்பது பேர், வழியில் பொழுது போக ஆளுக்கு நான்கு கதை சொல்ல வேண்டும் என்பது விடுதிக்காரர் ஹாரி பெய்லி போட்ட ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் 120 கதைகள் வர வேண்டும். 1387 வாக்கில் இந்த வேலையைத் தொடங்கிய ஜெஃப்ரி சாசர் 1400இல் இறந்தபோது கையில் இருந்தவை 24 மட்டுமே. அவற்றிலும் சில பாதியில் நிற்கின்றன. முடியாத இந்த நூலைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் விவாதங்களில் பெரியது இதுதான்: ஒவ்வொரு கதையும் அதைச் சொல்பவரின் குணத்தைக் காட்டுகிறதா, அல்லது கையிலிருந்த கதைகளைக் கையிலிருந்த ஆட்களுக்குச் சாசர் பங்கிட்டுக் கொடுத்தாரா?

ஐரோப்பாவில் அன்று சட்டகக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பொக்காச்சியோவின் 'டெக்கமரான்' நூலில் பத்துப் பேர் பத்து நாளில் நூறு கதை சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே வர்க்கம், ஏறக்குறைய ஒரே வயது. டயோனியோ என்ற குறும்புக்காரனைத் தவிர மற்றவர்களின் கதைகளை இடம் மாற்றி வைத்தாலும் பெரிய சேதம் வராது. சாசரின் யாத்திரிகர் கூட்டமோ போர்வீரர், ஆலைக்காரர், கன்னியர் மடத்துத் தலைவி, வக்கீல், சமையல்காரர், உழவர் என்று சமூகத்தின் பல படிகளிலிருந்து வந்தது. நூலின் முகவுரையில் பெரும்பாலோருக்கு உடை, முகம், குதிரை, பேச்சு எல்லாம் வரையப்பட்டிருக்கின்றன. இவ்வளவு துலக்கமாக ஆளை நிறுத்திவிட்டு அவர் வாயால் ஒரு கதையும் வந்தால், இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் எந்த வாசகரால் இருக்க முடியும்? 1700இலேயே கவிஞர் டிரைடன், இந்தக் கதைகள் சொல்பவரின் வளர்ப்புக்கும் தொழிலுக்கும் இயல்புக்கும் ஏற்றபடி அமைந்தவை, வேறொருவர் வாயில் பொருந்தாதவை என்ற கருத்தை எழுதிவைத்துவிட்டார்.

இதைக் கோட்பாடாக்கியவர் ஹார்வர்டு பேராசிரியர் கிட்ரிட்ஜ். 1915இல் வந்த அவர் நூலின்படி, யாத்திரை ஒரு நாடகம். யாத்திரிகர்கள் அதன் பாத்திரங்கள். கதைகள் அந்தப் பாத்திரங்கள் பேசும் நீண்ட வசனங்கள். கதை கதைக்காக இல்லை, ஆளைக் காட்டுவதற்காகவே இருக்கிறது என்ற அளவுக்கு அவர் போனார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பாத் ஊர்க்காரி தொடங்கி ஆக்ஸ்போர்டு மாணவர், வணிகர், ஃபிராங்க்ளின் என்ற நிலக்கிழார் வரையான நான்கு கதைகளை, மணவாழ்வில் அதிகாரம் யாருக்கு என்பதைப் பற்றிய தொடர் விவாதமாக அவர் வாசித்துக் காட்டியிருந்தார். பிரௌனிங்கின் நாடகத் தனிமொழிக் கவிதைகளையும் உளவியல் நாவல்களையும் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது உடனே பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஐம்பதாண்டுகள் போல வகுப்பறைகளில் இதுவே பாடம்.

இந்தப் பார்வை கொடுக்கும் லாபத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காரியஸ்தர் கதையை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால், குடித்துவிட்டு முறை தவறி முந்திக்கொண்ட ஆலைக்காரர், ஆக்ஸ்போர்டில் ஒரு தச்சன் தன் இளம் மனைவியிடமும் வீட்டில் குடியிருந்த மாணவனிடமும் ஏமாந்த கதையைச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். இளவயதில் தச்சுவேலை செய்த காரியஸ்தருக்கு மட்டும் சுருக்கென்கிறது. பதிலுக்கு அவர் கேம்பிரிட்ஜ் அருகே ட்ரம்பிங்டனில் இருந்த ஒரு திருட்டு ஆலைக்காரனின் கதையை எடுத்துவிடுகிறார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பச்சைக் கதைகள்தான். ஆனால் ருசி வேறு. ஆலைக்காரரின் கதையில் ஊரே கூடிச் சிரிக்கும் கும்மாளம் இருக்கிறது. காரியஸ்தரின் கதை பேரேடு போல நடக்கிறது. ஆலைக்காரன் மாணவர்களின் மாவைத் திருடுகிறான். அந்த மாவில் அவன் மனைவி ரொட்டி சுடுகிறாள். இரவில் அவன் மனைவியும் மகளும் மாணவர்கள் வசமாகிறார்கள். விடிவதற்குள் அந்த ரொட்டி ஒளித்துவைத்த இடமும் மகள் வாயாலேயே தெரிந்துவிடுகிறது. திருட்டு மாவு ரொட்டியாகத் திரும்பி வருகிறது, அடியும் உதையும் வட்டி. பண்ணைக் கணக்கில் எந்தத் தணிக்கையாளரும் குறை கண்டுபிடிக்க முடியாத மனிதர் இவர் என்று முகவுரையில் சொன்னது சும்மா இல்லை என்று அப்போது புரிகிறது. யாத்திரிகரின் குணம் கதையின் பொருளில் மட்டும் தெரிந்திருந்தால் அது சாதாரணம். கதை கட்டப்பட்ட விதத்திலேயே தெரிகிறது.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பவர் இன்னும் பெரிய சாட்சி. ஒரு மதுக்கடையருகே நிறுத்தி, குடித்து, எதையோ கடித்துக்கொண்டே தன் தொழில் ரகசியங்களை அவர் அவிழ்க்கிறார். பன்றி எலும்புகளைப் புனிதர்களின் எலும்பென்று காட்டுவது, பெரும்பாவம் செய்தவர்கள் மட்டும் காணிக்கை செலுத்த முன்வர முடியாது என்று அறிவித்துச் சபையையே எழுந்து ஓடிவர வைப்பது, ஆண்டுக்கு 100 மார்க் சம்பாதிப்பது எல்லாம் வெளிப்படையாக வருகின்றன. பேராசையே எல்லாத் தீமைக்கும் வேர் என்பதுதான் அவருடைய ஒரே பிரசங்கம். பிரசங்கத்துக்குக் காரணமும் பேராசைதான். பிறகு கதை. சாவைக் கொல்லக் கிளம்பிய மூன்று குடிகாரர்கள் ஒரு கிழவர் காட்டிய மரத்தடியில் பொற்காசுக் குவியலைக் காண்கிறார்கள். இளையவன் ரொட்டியும் மதுவும் வாங்கப் போகிறான், மதுவில் விஷம் கலக்கிறான். திரும்பி வந்தவனை மற்ற இருவரும் குத்திக் கொல்கிறார்கள். பிறகு அந்த மதுவைக் குடிக்கிறார்கள்.

இது சாசரின் கற்பனையில் பிறந்த கதை இல்லை. அறியப்பட்ட மிகப் பழைய வடிவம் பௌத்த ஜாதகக் கதைகளில் வேதப்ப ஜாதகமாக இருக்கிறது. அங்கே ரத்தின மழை பெய்விக்கும் மந்திரம் தெரிந்த ஒரு பிராமணர் திருடர்களிடம் சிக்குகிறார். புதையலுக்காகக் கூட்டம் கூட்டமாக வெட்டிக்கொண்டு கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். ஒருவன் சோற்றில் விஷம் வைக்கிறான், மற்றவன் வாளோடு காத்திருக்கிறான். சொல் பேச்சுக் கேளாத ஒரு பிக்குவுக்குப் புத்தர் சொன்னதாக அந்தக் கதை வருகிறது. கதையின் எலும்பு அதேதான். ஆனால் ஜாதகத்தில் சொல்பவருக்கும் கதைக்கும் இடையே இடைவெளியே கிடையாது. சொல்பவர் ஞானி, நீதி நேராக வந்து சேர்கிறது. சாசரிடம் அதே நீதி, அந்த நீதியை விற்றுப் பிழைப்பவன் வாயில் வருகிறது. கதையில் காசாசையில் வீழ்ந்தவர்கள் மூவர். கதை சொல்லி முடித்ததும் அந்தப் 'புனித' எலும்புகளை எடுத்துக்கொண்டு, முதலில் விடுதிக்காரரே வந்து முத்தமிடட்டும் என்று நீட்டுபவர் நான்காவது ஆள். விடுதிக்காரர் கொடுத்த அசிங்கமான பதிலில் அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசியவருக்குப் பேச்சே வரவில்லை. போர்வீரர் நடுவே புகுந்து இருவரையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. சொல்பவரை மாற்றினால் கதை என்ன ஆகிறது என்பதற்கு உலக இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் கிட்ரிட்ஜ் சொன்னது சரிதானே என்று தோன்றும். தடுமாற்றம் மற்ற கதைகளில் தொடங்குகிறது.

கப்பல்காரர் கதையின் ஆரம்பத்தில், அப்பாவிக் கணவன்தான் எங்களுக்கு உடை எடுத்துத் தர வேண்டும், செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பகுதி வருகிறது. தாடி வைத்த மாலுமி எப்படி மனைவிமார் சார்பில் 'நாங்கள்' என்று பேசுவார்? இரண்டாம் கன்னிகாஸ்திரி தன்னை ஏவாளின் தகுதியற்ற மகன் என்று சொல்லிக்கொள்கிறார். வக்கீல், எதுகையெல்லாம் சாசருக்கு விட்டுவிடுகிறேன், நான் உரைநடையில் சொல்கிறேன் என்று அறிவித்துவிட்டு, ஏழடிச் செய்யுளில் கதை சொல்லித் தீர்க்கிறார். வேட்டைக்குப் போவதும் கொழுத்த அன்னத்தை வறுத்துத் தின்பதும் பிடித்த மடத்துறவி, வீழ்ந்த மன்னர்களின் துயரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி எல்லோரையும் தூங்க வைக்கிறார். கடைசியில் போர்வீரரே போதும் என்று நிறுத்துகிறார்.

காரணம் ஓரளவு தெரிந்ததே. கேன்டர்பரி நூலுக்கு முன்பு எழுதிய 'நல்ல பெண்களின் காவியம்' என்ற படைப்பின் முகவுரையில், தான் ஏற்கெனவே எழுதியவற்றுள் பலமோன்–ஆர்சிட் காதலையும் புனித செசிலியாவின் வாழ்க்கையையும் சாசர் குறிப்பிடுகிறார். முதலாவது இப்போது போர்வீரரின் கதை, இரண்டாவது கன்னிகாஸ்திரியின் கதை. யாத்திரிகர்கள் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட கதைகள் இவை. யாத்திரிகரின் குணத்தை இவை காட்டுகின்றன என்றால், அது தற்செயலாகவோ பின்னால் பொருத்திப் பார்த்ததாலோதான். கப்பல்காரர் கதை முதலில் பாத் ஊர்க்காரி அலிசனுக்காக எழுதப்பட்டது என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கும் ஊகம். அதை அவளிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் புதிதாக ஒன்றை எழுதியிருக்கிறார். அவசரத்தில் 'நாங்கள்' மட்டும் திருத்தப்படாமல் நின்றுவிட்டது.

என் கணிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கதைக்கும் சொல்பவருக்கும் பொருத்தம் என்பது சாசர் தொடக்கத்திலேயே வகுத்த திட்டமாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டு போகும்போது அவர் கண்டுபிடித்த ஒன்று அது. பழைய கதைகளில் பொருத்தம் மேலோட்டமாக இருக்கிறது: போர்வீரருக்குப் போரும் காதலும், கன்னிகாஸ்திரிக்குப் புனிதை வரலாறு, அவ்வளவே. யாத்திரை தொடங்கிய பிறகு எழுதியவை என்று கருதத்தக்கவற்றில்தான் அது உள்ளே இறங்குகிறது. பாதி வழியில் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து சேரும் ரசவாதியின் வேலையாள், ஊதுலையை ஊதி ஊதி ஈய நிறமாகிப்போன முகத்தோடு தன் எஜமானரின் மோசடிகளைக் கொட்டித் தீர்ப்பது அந்த வகை. முகவுரையில் அவர் பெயரே இல்லை. ஆளும் கதையும் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன.

அலிசனின் விஷயத்தில் இந்தக் கண்டுபிடிப்பு எவ்வளவு தூரம் போனது என்று பார்க்கலாம். ஐந்து கணவர்களைக் கட்டி அடக்கியவள் அவள். ஐந்தாமவன் ஜான்கின் அவளைவிட இருபது வயது இளையவன். கெட்ட மனைவியரைப் பற்றிய புத்தகத்தை அவன் இரவெல்லாம் வாசித்துக் காட்ட, அதில் மூன்று தாளைக் கிழித்துவிடுகிறாள். அவன் அடித்த அடியில் ஒரு காது செவிடாகிறது. எண்ணூறு வரிக்கு மேல் ஓடும் இந்த முன்னுரைக்குப் பிறகு வரும் கதை அதில் பாதிதான்: ஒரு கன்னியைக் கெடுத்த ஆர்தர் அரசவை வீரன், பெண்கள் உண்மையில் விரும்புவது என்ன என்பதற்கு ஓராண்டுக்குள் விடை கொண்டுவந்தால்தான் உயிர் தப்புவான். ஒரு கிழவி விடை சொல்கிறாள். பதிலுக்கு அவனை மணக்கிறாள். முடிவெடுக்கும் உரிமையை அவன் அவளிடமே விட்டதும் அழகியாகிறாள். அலிசனுக்கு ஆசைக்கனவு இது என்று கிட்ரிட்ஜ் வழிவந்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கதைக்கு நடுவே அவள் சொல்லும் மிடாஸ் அரசனின் கிளைக்கதையைக் கவனியுங்கள். மிடாஸின் கழுதைக் காது ரகசியத்தை அடக்க முடியாமல் வெளியிட்டது ரோமானியக் கவிஞர் ஓவிடின் நூலில் அவனுடைய நாவிதன். அலிசன் சொல்லும்போது அது மனைவியாகிவிடுகிறது! பெண்ணால் ரகசியம் காக்க முடியாது என்று, பெண்ணினத்துக்காகவே வாதாடுவதாகச் சொல்பவள் கதையையே மாற்றிச் சொல்கிறாள். மீதியை ஓவிடிடம் படித்துக்கொள்ளுங்கள் என்றும் கையைக் காட்டிவிடுகிறாள். போய்ப் பார்த்தால் குற்றவாளி ஆண். மாற்றியது அலிசனா, சாசரா? ஜான்கினின் புத்தகம் அவள் மண்டைக்குள் எவ்வளவு ஏறிவிட்டது என்று காட்டவா, அல்லது ஓவிடைத் திறந்து பார்க்காமலேயே தலையாட்டும் ஆண் வாசகனைப் பிடிக்க வைத்த பொறியா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அவளுடைய முன்னுரையின் பெரும்பகுதி புனித ஜெரோம் போன்றோர் பெண்களுக்கு எதிராக எழுதியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஆண்கள் எழுதிய வசைகளைக் கொண்டே ஒரு பெண்ணின் குரலைச் சாசர் கட்டியிருக்கிறார் என்றாகிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு முழு மனுஷி நிற்பதாக நமக்குத் தோன்றுவதே அவர் செய்த வித்தை.

ஏறக்குறைய இதைத்தான் 1980இல் மார்ஷல் லெஸ்டர் தலைகீழாக்கிக் காட்டினார். குணம் முதலில் இருந்து கதையை உண்டாக்குவதில்லை. கதையின் குரலிலிருந்துதான் நாம் குணத்தை உண்டாக்கிக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். அதற்கு முன்பே 1973இல் ஜில் மான், முகவுரைச் சித்திரங்கள் தனிமனிதர்களைவிட, ஒவ்வொரு தொழிலையும் வர்க்கத்தையும் கேலி செய்யும் இடைக்கால அங்கத மரபிலிருந்து வந்தவை என்று நிறுவியிருந்தார். 1986இல் டேவிட் பென்சன் இன்னும் ஒரு படி மேலே போய், நாடகம் யாத்திரிகர்களுக்கு இடையில் நடப்பதில்லை, நடைகளுக்கு இடையில்தான் நடக்கிறது, ஒவ்வொரு கதையும் வெவ்வேறு கவிஞன் எழுதியது போல் இருக்கிறது என்றார். இவர்களுக்குள் எனக்கு நெருக்கமானவர் லெஸ்டர். ஆனாலும் காரியஸ்தரின் பேரேட்டுக் கணக்கை மறந்துவிட்டு வெறும் நடையாக மட்டும் படிக்க என்னால் முடிவதில்லை.

கிட்ரிட்ஜ் மரபின் பெரிய பலவீனம் வேறொன்று: அதைத் தோற்கடிக்கவே முடியாது. கதை பொருந்தினால் குணம் தெரிகிறது என்பார்கள். பொருந்தாவிட்டால், குணத்தை மறைக்கிறார், அதுவும் குணம்தான் என்பார்கள். மடத்துறவி விடுதிக்காரரின் கிண்டலைத் தாங்காமல் துயரக் கதைகளுக்குள் ஒளிந்துகொண்டார் என்ற விளக்கம் அப்படிப்பட்டது. 'மான்டி பைதான்' புகழ் டெரி ஜோன்ஸ் 1980இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி, போர்வீரர் கூலிப்படைக்காரர், அவர் கதையும் கொடுங்கோன்மையின் துதி என்று வாதாடினார். படிக்கச் சுவையான நூல்; வரலாற்றறிஞர்கள் பலர் ஏற்கவில்லை.

கைப்பிரதிகளும் நம்மை எச்சரிக்கின்றன. முக்கியமானவை இரண்டு: வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் ஹெங்ர்ட் பிரதி, கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கும் எல்ஸ்மியர் பிரதி. இரண்டையும் எழுதிய கை ஒன்றே என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிவு. இளம் வீரரின் கதை நின்றதும் ஒருவர் அவரைப் புகழ்ந்து, என் மகன் இப்படி இல்லையே, சூதாடிக் காசைத் தொலைக்கிறானே என்று அங்கலாய்க்கிறார். எல்ஸ்மியரில் இதைப் பேசுபவர் ஃபிராங்க்ளின். ஹெங்ர்டில் வணிகர். ஃபிராங்க்ளினுக்கு உரியது என்பதுதான் பதிப்பாசிரியர்களின் பொதுவான தீர்ப்பு. ஆனால் மேட்டுக்குடியைப் பார்த்து ஏங்கும் நிலக்கிழார் என்று நாம் வரைந்துவைத்திருக்கும் உளச்சித்திரத்தின் பாதி, ஒரு பெயரை மாற்றி எழுதினால் இன்னொருவர் தலைக்குப் போய்விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது ஏட்டுச் சிக்கலோடு நிற்பதில்லை, மடத்துத் தலைவியின் கதையில் அறச்சிக்கலாகிறது. பொறியில் சிக்கிய எலிக்கும் அடிபட்ட நாய்க்குட்டிக்கும் கண்ணீர் விடும் அந்த அம்மையார், கன்னி மரியாளின் துதியைப் பாடிக்கொண்டு போன ஒரு சிறுவனின் கழுத்தை யூதர்கள் அறுத்துக் குழியில் போட்ட கதையைச் சொல்கிறார். முடிவில் யூதர்களைக் குதிரைகளில் கட்டி இழுத்துத் தூக்கிலிடுவதைக் கொஞ்சமும் தயங்காமல் விவரிக்கிறார். இங்கிலாந்து 1290இலேயே யூதர்களை நாடுகடத்திவிட்டது. சாசரின் வாசகர்கள் யூதரைப் பார்த்திருப்பதே அரிது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், ஹிட்லருக்குப் பிறகு, இந்தக் கதையின் வெறுப்பு மடத்துத் தலைவியுடையது, அவரைச் சாசர் அங்கதம் செய்கிறார் என்ற வாசிப்பு வலுப்பெற்றது. எலிக்கு அழுபவர் மனிதருக்கு அழவில்லை என்ற முரண் கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் கதையில் அங்கதத்தின் அடையாளம் எதுவும் இல்லை. மரியாளின் அற்புதங்களைச் சொல்லும் இந்த வகைக் கதைகள் அன்று ஐரோப்பா முழுக்க பக்தியோடு சொல்லப்பட்டவை. கேட்டு முடித்த யாத்திரிகர்கள் அனைவரும் உறைந்துபோய் மௌனமாகிறார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சொல்பவரின் குணம் என்ற கோட்பாடு இந்த இடத்தில் சாசருக்கு வாங்கித் தரும் ஜாமீனை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

இந்தக் கேள்வியைக் கேலி செய்ததில் முதல் ஆள் சாசர்தான் என்றும் சொல்லலாம். யாத்திரையில் தானும் ஒருவராக வரும் அவரிடம் விடுதிக்காரர் கதை கேட்கிறார். நூலையே எழுதிய கவிஞர், இதுதான் எனக்குத் தெரிந்தது என்று சர் தோபாஸின் கதையைத் தொடங்குகிறார். வேண்டுமென்றே மொட்டையான சந்தத்தில் அமைந்த அந்தப் பாட்டைத் தாங்க முடியாமல், காது வலிக்கிறது நிறுத்து என்று விடுதிக்காரர் வெட்டிவிடுகிறார். பதிலுக்கு மிக நீண்ட ஓர் உரைநடை உபதேசம் வருகிறது. மாறாக, முகவுரையில் ஒற்றை வரியில் மட்டும் தலைகாட்டிய கன்னியர் மடத்துக் குரு, சேவல் சாண்டிகிளியரும் நரியும் வரும் கதையைச் சொல்லி எல்லோரையும் மிஞ்சிவிடுகிறார். குணச்சித்திரமே இல்லாதவரிடமிருந்து நூலின் மிக உயிரோட்டமான கதை.

ஆலைக்காரரின் கதைக்கு முன்னால் சாசர் வாசகரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கிறார். கெட்ட வார்த்தைகள் என்னுடையவை அல்ல, அவர்கள் பேசியதை மாற்றாமல் எழுதுவது என் கடமை, பிடிக்காவிட்டால் தாளைத் திருப்பி வேறு கதை படியுங்கள் என்கிறார். சொல்பவரே பொறுப்பு என்ற கோட்பாட்டின் முதல் வாசகம் அது. அப்போது அது அவருக்குத் தேவைப்பட்டது. நூலின் கடைசியில் பேசுபவர் ஊர்ப் பாதிரியார். கட்டுக்கதை எதுவும் என்னிடம் கிடைக்காது என்று மறுத்து, பாவமன்னிப்பு பற்றி உரைநடையில் நீண்ட பிரசங்கம் செய்கிறார். குணமும் பேச்சும் அவரிடம் அச்சாகப் பொருந்துகின்றன, கதைதான் இல்லை. அதன்பின் வரும் விலக்குரையில் சாசர் தன் பெயரிலேயே பேசுகிறார். தன் உலகியல் படைப்புகளைப் பட்டியலிட்டு, கேன்டர்பரி கதைகளில் பாவத்தின் பக்கம் சாய்பவற்றையும் அதில் சேர்த்து, இறைவனிடம் மன்னிப்புக் கோருகிறார். அந்தப் பட்டியலில் ஆலைக்காரர் இல்லை, காரியஸ்தர் இல்லை, அலிசன் இல்லை. எல்லாக் கதைகளும் அங்கே அவர் எழுதியவை மட்டுமே.